தாழ்வாரத்தில் ஓடியவரும் குழாயில் ஓடும் முயலும்

1934, ரோம். பானிஸ்பெர்னா தெருவில் இருந்த இயற்பியல் கழகத்தின் நீண்ட தாழ்வாரத்தில், அழுக்கேறிய ஆய்வக அங்கி பறக்க ஒருவர் தலைதெறிக்க ஓடுகிறார். கையில் சின்ன உலோகத் துண்டு. பின்னாலேயே இன்னொருவர். முன்னால் ஓடுகிறவர் என்ரிகோ ஃபெர்மி, பின்னால் வருகிறவர் எதுவார்தோ அமால்தி. யார் வேகம் என்பதில் இருவருக்கும் தீராத போட்டி. தோற்பது ஃபெர்மிக்கு ஆகாது என்று அவர் மனைவி லாரா எழுதிவைத்திருக்கிறார். ‘மேதகு ஃபெர்மி’யைப் பார்க்க ஸ்பெயினிலிருந்து கோட்டும் சூட்டுமாக வந்த ஒரு விஞ்ஞானி இந்த ஓட்டத்தைக் கண்டு திகைத்துப்போனதாகவும் சொல்வார்கள்.

விளையாட்டுக்கு ஓடவில்லை. ரேடான் வாயுவும் பெரிலியத் தூளும் அடைத்த ஒரு கண்ணாடிக் குப்பிதான் அவர்களுக்கு நியூட்ரான் ஊற்று. அதன் காமாக் கதிர்கள், கதிரியக்கத்தை எண்ணும் கெய்கர் எண்ணியைக் குழப்பும் என்பதால் எண்ணியைத் தாழ்வாரத்தின் மறுகோடியில் வைத்திருந்தார்கள். நியூட்ரான் பட்ட வெள்ளியில் பிறக்கும் ஒரு கதிரியக்கம் 25 நொடிக்குள் பாதியாகிவிடும். ஆற அமர நடந்துபோனால் எண்ண என்ன மிஞ்சும்?

இன்று அந்த ஓட்டத்தைக் காற்று ஓடுகிறது. ஆராய்ச்சி அணு உலைகளில் மாதிரியைச் சுமந்து ஓடும் குப்பிக்குச் செல்லப் பெயர் ‘ராபிட்’, முயல். சின்ன பிளாஸ்டிக் குப்பிக்குள் மாதிரியை வைத்து மூடி, குழாயில் விட்டால், அழுத்தக் காற்று அதை உலையின் மையத்தருகே கொண்டுபோய் நிறுத்தும். குறித்த நொடியில் திருப்பியும் அனுப்பும். பயணம் சில நொடிதான். ஒரு சங்கடம்: சாதாரணக் காற்றில் உள்ள ஆர்கானும் நியூட்ரான் பட்டுக் கதிரியக்கம் பெற்றுவிடும். அதனால் சில இடங்களில் நைட்ரஜனையோ கார்பன் டை ஆக்சைடையோ வைத்துத் தள்ளுகிறார்கள். ஃபெர்மிக்கு இந்தத் தொல்லை இல்லை, மூச்சு வாங்கியதோடு சரி.

கல்பாக்கத்தில், தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்டு 1996இல் இயங்கத் தொடங்கிய 30 கிலோவாட் ‘காமினி’ உலையிலும் இப்படியொரு குழாய் உண்டு.

எனக்குப் பிடித்தது மிசௌரி பல்கலைக்கழக உலையின் கணக்கு. அங்கே முயல் சுமந்தது, மனிதர்கள் வெட்டிப்போட்ட கால் நகத் துண்டுகளை! மெதுவாக வளரும் நகம், பல மாதங்களுக்கு முன் உடலில் எவ்வளவு செலினியம் இருந்தது என்று காட்டிக்கொடுக்கும். நியூட்ரான் பட்ட செலினியத்தில் பிறக்கும் செலினியம்-77எம் என்பதன் அரை ஆயுள் 17.4 நொடி. ஆகவே உலையில் 5 நொடி, காத்திருப்பு 15 நொடி, எண்ணுவது 25 நொடி. முக்கால் நிமிடத்தில் வேலை முடிந்தது. நகத்தை அமிலத்தில் கரைக்கக்கூடத் தேவையில்லை. கெய்கர் எண்ணிக்கு எண்ண மட்டுமே தெரியும், எந்தத் தனிமம் என்று ஃபெர்மியின் குழு வேதியியலை நம்பிப் பிரித்துப் பார்த்தது. இன்றைய ஜெர்மானியம் உணர்வியோ காமாக் கதிரின் ஆற்றலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடும்.

அந்த 15 நொடிக் காத்திருப்பு சும்மா இருப்பதல்ல. அதற்குள் செலினியம்-77எம்மைவிட அற்பாயுசுக்காரர்கள் அடங்குவார்கள். குழாயில் வந்து விழுந்த முயலைத் திறந்து, உள்ளிருக்கும் மாதிரியை உணர்வியின் முன் வைக்க, பல ஆய்வகங்களில் இன்னமும் மனிதக் கைதான். ஓடத் தாழ்வாரம் இல்லை. விரல்கள் மட்டும் அவசரப்படுகின்றன.