டிரான்ஸிஸ்டரில் கண்ட மாறாத மின்தடை: பேராசிரியர் ஃபான் கிளிட்ஸிங்கின் ஆராய்ச்சி

மின்தடையின் அலகாகிய ஓம் எவ்வளவு என்பதை நெடுங்காலம் கம்பிச் சுருள்களே தீர்மானித்து வந்தன. மாங்கனின் போன்ற உலோகக் கலவையால் செய்த கம்பியைச் சுற்றி, எண்ணெயில் அமிழ்த்தி, உஷ்ணநிலை மாறாதபடி காத்து, பெரிய நாடுகளின் ஆராய்ச்சிக்கூடங்கள் தத்தமக்கெனச் சில சுருள்களை வைத்திருந்தன. ஆனால் உலோகமும் முதுமையடைகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் தடை சிறிது சிறிதாக மாறுகிறது. ஒரு நாட்டின் சுருள் ஒரு விதமாகவும் வேறொரு நாட்டின் சுருள் வேறு விதமாகவும் மாறுமாயின், எது சரியென்று கூற எவராலும் இயலாது. ஆகவே சுருள்களைப் பெட்டியிலிட்டுப் பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள சர்வதேச எடை அளவை நிலையத்துக்கு அவ்வப்போது கொண்டு சென்று ஒத்துப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர் அளவைத் துறையில் பணிபுரிந்தவர் அல்லர். டிரான்ஸிஸ்டருக்குள் எலக்ட்ரான்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வந்த ஜெர்மானியப் பௌதிக அறிஞர் ஒருவர்.

கிளௌஸ் ஃபான் கிளிட்ஸிங் 1943ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் ஷ்ரோடா என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. போரின் முடிவில் அவருடைய குடும்பம் மேற்கே குடிபெயர்ந்தது. பிரௌன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்று 1969இல் பட்டம் பெற்றார். ஜெர்மனியின் தேசிய அளவைக் கூடம் அமைந்திருப்பதும் அந்நகரிலேயே. மாணவப் பருவத்தில் விடுமுறை நாட்களில் அவர் அங்கே வேலை செய்திருந்தார் என்பது பிற்காலத்தை நோக்கக் கவனிக்கத் தக்கது. பின்னர் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லாண்ட்வேரிடம் சேர்ந்து, வலிமையான காந்தப் புலத்தில் டெல்லூரியத்தின் மின் இயல்புகளை ஆராய்ந்து 1972இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக விரும்புவோர் டாக்டர் பட்டத்துக்குப் பின்னும் மற்றொரு தகுதி பெற்றாக வேண்டும். அதனை 1978இல் அடைந்தார். இடையில் ஆக்ஸ்போர்டிலும், பிறகு பிரான்ஸிலுள்ள கிரெனோபிளிலும் விருந்தினராகத் தங்கி ஆராய்ச்சி செய்தார். வலிமை மிக்க காந்தங்கள் எங்கே இருந்தனவோ அங்கெல்லாம் அவர் சென்றார் எனலாம்.

அவர் கையாண்ட சோதனை பழமையானது. மெல்லிய உலோகத் தகட்டின் நீளவாக்கில் மின்னோட்டத்தைச் செலுத்தி, தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப் புலத்தை அமைத்தால், தகட்டின் இரு பக்க ஓரங்களுக்கிடையே ஒரு மின்னழுத்தம் தோன்றுகிறது. இதனை 1879இல் எட்வின் ஹால் என்னும் அமெரிக்கர் கண்டார். அந்த மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வருவது ஹால் தடை. காந்தப் புலம் மிகுந்தால் அது மிகும். எலக்ட்ரான்களின் நெருக்கம் மிகுந்தால் அது குறையும். இரண்டும் படிப்படியாக அன்றி ஒரே சீராக நிகழும் என்பதே பாடநூல்கள் கூறி வந்தது.

ஃபான் கிளிட்ஸிங் உலோகத் தகட்டுக்குப் பதிலாக எடுத்துக் கொண்டது சிலிக்கன் டிரான்ஸிஸ்டரை. சிலிக்கனின் மேல் ஆக்ஸைடுப் படலமும், அதன் மேல் உலோகப் பூச்சும் உள்ள வகை அது. உலோகப் பூச்சுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், ஆக்ஸைடுக்கு அடியில் சில நானோமீட்டர் கனமே உள்ள படலமாக எலக்ட்ரான்கள் திரள்கின்றன. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இத்துணை மெல்லிய படலத்தில் எலக்ட்ரான்கள் பக்கவாட்டில் ஓடலாமேயன்றி மேலும் கீழும் செல்ல வழியில்லை. கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றுவதால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை விரும்பியவாறு கூட்டவும் குறைக்கவும் முடியும். உலோகத் தகட்டில் இது இயலாது.

1980ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் கழிந்து 5ஆம் நாள் பிறந்த இரவில், சுமார் இரண்டு மணிக்கு, கிரெனோபிள் காந்தக் கூடத்தில் அவர் இந்தச் சோதனையை நடத்திக் கொண்டிருந்தார். திரவ ஹீலியத்தின் உதவியால் டிரான்ஸிஸ்டரின் உஷ்ணநிலை தனிப் பூஜ்யத்துக்கு மேல் ஒன்றரை டிகிரி அளவுக்குத் தாழ்த்தப்பட்டிருந்தது. காந்தப் புலம் 18 டெஸ்லா. பூமியின் காந்தப் புலத்தைப் போல் சில லட்சம் மடங்கு. எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் கொண்டே போனபோது ஹால் தடை சீராகக் குறையவில்லை. சிறிது தூரம் இறங்கியது, சமதளமாக நின்றது, மீண்டும் இறங்கியது. வரைபடம் படிக்கட்டு போல் அமைந்தது.

படிகளை அவர் முதன்முறையாகக் காணவில்லை. எங்லர்ட் என்பவருடன் சேர்ந்து 1978இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலேயே அத்தகைய சமதளங்கள் இருந்தன. ஜப்பானிய அறிஞர்களும் கொள்கை வழியாகவும் சோதனை வழியாகவும் இதனை நெருங்கியிருந்தனர். அந்த இரவில் புதிதாக நேர்ந்தது, சமதளத்தின் உயரம் என்ன என்று கேட்டதுதான். வெவ்வேறு டிரான்ஸிஸ்டர்களிலும் அது ஒரே எண்ணாக இருந்தது. அந்த எண்ணில் சிலிக்கனைப் பற்றிய செய்தி ஏதும் இல்லை. பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னேற்றத்தின் வர்க்கத்தால் வகுத்தால் சுமார் 25,812.8 ஓம் வருகிறது. படிகள் யாவும் அதனை 1, 2, 3, 4 முதலிய முழு எண்களால் வகுத்தவை. நான்காம் படி 6,453.2 ஓம்.

இதன் காரணத்தை ஒரு விருந்துப் பந்தியைக் கொண்டு ஒருவாறு விளக்கலாம். காந்தப் புலத்தில் எலக்ட்ரான்கள் வட்டமிடுகின்றன. குவாண்டம் விதிப்படி அவை சில குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்க முடியும். ஒவ்வொரு நிலையும் ஒரு பந்தி வரிசை என்று கொண்டால், ஒரு வரிசையில் எத்தனை இலை என்பதைத் தீர்மானிப்பது காந்தப் புலமே, சிலிக்கன் அன்று. வரிசைகள் முழுமையாக நிரம்பும்போது எலக்ட்ரான்களின் நெருக்கமும் காந்தப் புலமும் ஒரே விகிதத்தில் நிற்பதால், ஹால் தடையில் மிஞ்சுவன அடிப்படை மாறிலிகள் மட்டுமே.

வரிசை சரியாக நிரம்பும் கணத்தில் மட்டும் இது பொருந்தும் என்றால் படி தோன்றாது. ஒரு புள்ளியே தோன்றும். அந்தப் புள்ளி அகன்று சமதளமாவதற்கு உதவுவது பொருளிலுள்ள மாசு. மாசணுக்களும் குறைகளும் உள்ள இடங்களில் மிகையான எலக்ட்ரான்கள் சிக்கிக் கொள்கின்றன. அவை மின்னோட்டத்தில் பங்கு கொள்வதில்லை. ஆதலால் எண்ணிக்கை சிறிது கூடினாலும் குறைந்தாலும் ஹால் தடை அசைவதில்லை. மிகத் துல்லியமான அளவைக்கு மிகத் தூய பொருள் வேண்டும் என்று நினைப்பதே இயல்பு. இங்கோ குற்றமற்ற பொருளாயின் படியே இராது. 1981இல் ராபர்ட் லாஃப்லின் என்னும் அமெரிக்கர், படியின் உயரம் பொருளின் குறைகளைச் சாராது ஏன் என்பதற்குத் தக்க விளக்கம் அளித்தார்.

வூர்ஸ்பர்க்கில் மேலும் நுட்பமாக அளந்த பிறகு, சோதனைப் பொருள்களை அளித்த சீமென்ஸ் நிறுவனத்தின் டோர்டா, கேம்பிரிட்ஜின் பெப்பர் ஆகிய இருவரையும் சேர்த்து அவர் கட்டுரை எழுதினார். அது 1980 ஆகஸ்டில் வெளிவந்தது. மின்தடைத் தரம் ஒன்றை அமைப்பது பற்றிய கட்டுரை என்றே அவர் முதலில் தலைப்பிட்டிருந்தார். அந்த நுட்பம் தரத்துக்குப் போதாது என்ற கருத்து எழுந்ததால், நுண்ணமைப்பு மாறிலியை அளக்கும் புதிய முறை என்று தலைப்பு மாற்றப்பட்டது. முதல் தலைப்பே சரியானது என்பதைக் காலம் காட்டியது.

அதே ஆண்டில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1985இல் ஸ்டுட்கார்ட்டிலுள்ள மாக்ஸ் பிளாங்க் திண்மநிலை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர்களுள் ஒருவராகச் சென்றார். பௌதிகத்துக்கான நோபல் பரிசு, வேறெவருடனும் பகிரப்படாமல், அவ்வாண்டே அவருக்கு வழங்கப்பட்டது. அங்கே பல ஆண்டுகள் குறைந்த பரிமாணமுள்ள எலக்ட்ரான் அமைப்புகளையும் நானோ அளவுச் சாதனங்களையும் ஆராயும் குழுவை நடத்தினார்.

25,812.8 ஓம் என்ற அளவு இன்று ஃபான் கிளிட்ஸிங் மாறிலி எனப்படுகிறது. 1990 ஜனவரி முதல் தேதியிலிருந்து 25,812.807 ஓம் என்பதை உடன்பாட்டு மதிப்பாக அளவைக் கூடங்கள் ஏற்றன. காலியம் ஆர்ஸனைடு, கரிப்படலமாகிய கிராஃபீன் என்னும் இருவேறு பொருள்களில் எடுத்த படிகளை ஒப்பிட்டபோது, ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

இதன் பயன் மின்தடையோடு நிற்கவில்லை. 1889 முதல் கிலோகிராமுக்கு இலக்கணமாக இருந்த பிளாட்டினம்–இரிடியம் உருளைக்கும், அதன் நகல்களுக்கும் இடையே ஒரு நூற்றாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு தோன்றியிருந்தது. கம்பிச் சுருளுக்கு நேர்ந்த கதியே உருளைக்கும் நேர்ந்தது. எடையை மின் ஆற்றலுடன் ஒப்பிடும் கிப்பிள் தராசில், மின்தடையைக் குவாண்டம் ஹால் விளைவாலும் மின்னழுத்தத்தை ஜோஸப்ஸன் விளைவாலும் அளந்து, பிளாங்க் மாறிலி மிக நுட்பமாகக் கணிக்கப்பட்டது. 2019 மே 20ஆம் நாள் முதல் பிளாங்க் மாறிலிக்கும் எலக்ட்ரான் மின்னேற்றத்துக்கும் நிலையான மதிப்புகள் விதிக்கப்பட்டு, உருளை தன் பதவியை இழந்தது. நம் நாட்டுக்கு உரிய 57ஆம் எண்ணுள்ள நகல் உருளை புதுதில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறது. மின்தடையின் முதன்மைத் தரமாக அங்கும் குவாண்டம் ஹால் விளைவே பயன்படுகிறது.

ஆயினும் கம்பிச் சுருள்கள் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. திரவ ஹீலியமும் வலிய காந்தமும் எல்லாத் தொழிற்சாலைகளிலும் கிடைப்பன அல்ல. 12,906.4 ஓம் அளவுள்ள இரண்டாம் படியோடு ஒப்பிட்டு மதிப்பிடப்பட்ட சுருள்களே இன்றும் பிற பரிசோதனைச் சாலைகளின் அன்றாட அளவீடுகளுக்கு ஆதாரமாக உள்ளன.