நகர மறுக்கும் கார்

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன. வாரக்கணக்கில் தூசி படிந்தது. பிறகு ஒருநாள் சாவியைப் போட்டுத் திருப்பினார்கள். பல கார்களில் பாட்டரி உயிரை விட்டிருந்தது. அதைச் சரிசெய்து கிளப்பினால் இன்னொரு தொல்லை. எஞ்சின் உறுமுகிறது, கியர் விழுகிறது, கார் மட்டும் நகரவில்லை! பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் முக்குகிறது.

இழுத்துப் பிடித்தது ஆள் அல்ல, துரு.

ஊரடங்கு போய்விட்டது, தொல்லை போகவில்லை. வெளிநாட்டு மகன் வரும்போது மட்டும் வெளியே எடுக்கும் கார், மழைக்காலம் முழுவதும் போர்வைக்குள் தூங்கும் கார் எல்லாவற்றுக்கும் இது வரும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இந்த வேலையைச் சீக்கிரமே முடித்துவிடும்.

துரு பிடிப்பது எங்கே?

முன் சக்கரத்து டிஸ்க் வார்ப்பிரும்பு. பேடு உரசும் இடத்தில் பெயிண்ட் பூச முடியாது. ஆகவே ஒரு இரவு மழையிலேயே செம்பழுப்பு நிறம் ஏறிவிடும். பார்க்கத்தான் பயம். மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் போட்டால் கரகரவென்று தேய்ந்து போய்விடும்.

பின் சக்கரத்தில் டிரம் உள்ள கார்களின் கதை வேறு. டிரம்முக்குள் புகுந்த ஈரம் லேசில் வெளியேறாது. கைபிரேக்கை இழுத்து நிறுத்தியிருந்தால் லைனிங்கும் டிரம்மும் ஒட்டிக்கொண்டே கிடக்கும். நடுவில் துரு பசையாகிவிடும். சில கார்களில் கைபிரேக் கேபிளே உறைக்குள் இறுகிவிடும். கைப்பிடி கீழே வரும், சக்கரம் விடாது.

முதலில் பெடல்!

காரைக் கிளப்புமுன் பிரேக் பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். உறுதியாக நின்றால் சரி. அடிவரை இறங்கினாலோ, மிதித்திருக்கும்போதே மெள்ள மெள்ள அமிழ்ந்தாலோ காரை நகர்த்தவே கூடாது. மெக்கானிக்கை வரவழைக்க வேண்டியதுதான்.

பெடல் சரியாக இருந்தால், சமதரையில், முன்னும் பின்னும் ஆளில்லாமல் பார்த்துக்கொண்டு, கைபிரேக்கை விட்டு, முதல் கியரில் மெதுவாக ஒரு தள்ளு. ரிவர்சில் ஒரு தள்ளு. பெரும்பாலும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், சக்கரம் விடுபடும். ஆத்திரப்பட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் லைனிங் பிய்ந்து வந்துவிடும்! ஐந்தாறு முறைக்கும் மசியாவிட்டால் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழைவது தற்கொலைக்குச் சமம். பழைய கார்களின் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது.

சக்கரம் சுற்றியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து. பாதி விட்டும் பாதி விடாமலும் இருக்கும் பிரேக் உரசிக்கொண்டே வரும், கொதிக்கும். பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தைக் குடிக்கும் குணம் உள்ளது. புதிய 'டாட் 3' ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய ஆயிலுக்குத் தர விதி கேட்பது 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். மிதித்த பெடல் பஞ்சுபோல் அமிழும்; கார் நிற்காது. மலைச்சாலை இறக்கத்தில் இது நேர்ந்தால்?

ஆகவே இரண்டு கிலோமீட்டர் ஓட்டியபின் இறங்கி, நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், தொடக் கூடாது. இடப்பக்கம் சாதாரணமாக இருந்து வலப்பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் இன்னும் விடவில்லை என்று அர்த்தம். ஓட்டும்போது கார் ஒரு பக்கமாக இழுப்பதும் இதற்கு அடையாளம். நேரே ஒர்க்‌ஷாப்தான்.

கீச் கீச் என்ற சத்தம் பொறுக்காமல் பிரேக்கில் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு! சத்தம் நிற்கும், கார் நிற்காது. எண்ணெய் குடித்த பேடை எறிய வேண்டியதுதான். இரும்போடு இரும்பு தேயும் சத்தம் விடாமல் கேட்டால் லைனிங் தீர்ந்துவிட்டது.

நீண்ட நாள் நிறுத்துவதானால் சமதரையில், கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைபிரேக்கை இழுக்காமல் விடலாம். காரைக் கழுவிய கையோடு மூடிவைக்காமல், தெருவைச் சுற்றி ஓட்டி, சில முறை பிரேக் போட்டு ஈரத்தைப் போக்கியபிறகு ஷெட்டில் விட வேண்டும். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.