மண்சரிவின் அறிகுறிகளை அசையும் படமாகச் செய்வோம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறிடம் இல்லாதோர் அங்கேயே தங்கியிருந்தனர். 2025 நவம்பரில் டிட்வா சூறாவளியின்போதும் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. நிலத்தையும் வீட்டையும் விட்டு வந்த நமக்கு இது புதிய கதையல்ல.

மலை சரியுமுன் பெரும்பாலும் அடையாளம் காட்டும். நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு விழும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். ஊற்றுநீர் திடீரெனக் கலங்கும் அல்லது நின்றுவிடும். இவற்றை எழுதி ஒட்டினால் எழுத்தறிந்தவர் மட்டுமே படிப்பர். அசையும் படத்தை எல்லோரும் விளங்கிக்கொள்வர். நோர்வூட்டில் தோட்ட இளைஞர் ஒருவர் ஒரு கணனியில் இதைச் செய்துவிடலாம்.

பயிற்சிக் கொப்பியின் மூலையில் சிறு படங்களை வரைந்து, தாள்களை வேகமாகப் புரட்டினால் படம் அசைவதுபோலத் தோன்றும் அல்லவா? இதுவும் அதே முறைதான். இதற்கு 'கிம்ப்' என்னும் மென்பொருள் போதும். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

செய்முறை:

1. ஃபைல், நியூ என்பவற்றை அழுத்தி, 400க்கு 300 புள்ளி அளவில் புதிய படம் திறக்கவும். மலை, லயன், மரம், ஓடை ஆகியவற்றை வரையவும்.

2. லேயர் பட்டியலில் 'டுப்ளிகேட் லேயர்' என்பதை அழுத்தவும். அதே படத்தின் பிரதி மேலே வந்து சேரும். அதில் மலையில் மெல்லிய வெடிப்பை வரையவும்.

3. மறுபடியும் பிரதி எடுக்கவும். வெடிப்பை அகலமாக்கவும். மரத்தின் மேல் வானத்தின் நிறத்தைப் பூசி மறைத்து, சாய்ந்த மரத்தை வரையவும்.

4. மூன்றாம் பிரதியில் ஓடையைக் கபில நிறமாக்கி, வீட்டைவிட்டு வெளியேறும் குடும்பத்தை வரையவும்.

5. ஃபில்டர்ஸ், அனிமேஷன், பிளேபேக் வழியாக ஓட்டிப் பார்க்கவும். அடியிலுள்ள லேயரே முதலில் தோன்றும்.

6. ஃபைல், எக்ஸ்போர்ட் அஸ் என்பவற்றுக்குச் சென்று, கோப்பை ஜிஃப் வகையாகச் சேமிக்கவும். 'அஸ் அனிமேஷன்', 'லூப் ஃபொரெவர்' இரண்டிலும் அடையாளமிடவும். இடைவேளைக்கு 1500 மில்லிசெக்கன் கொடுக்கவும். அதாவது ஒவ்வொரு படமும் ஒன்றரைச் செக்கன் நிற்கும்.

ஜிஃப் படத்தில் ஒரு சட்டத்துக்கு 256 நிறங்களே அடங்கும். ஆகவே புகைப்படத்தைவிடத் தடித்த கோடும் சில நிறங்களும் கொண்ட சித்திரமே தெளிவாக இருக்கும். கோப்பும் சிறிதாகி, கைத்தொலைபேசியில் இலகுவாக அனுப்பலாம்.

படம் முடிந்ததும் எழுத வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டியிடம் காட்டுங்கள். நீங்கள் வாய் திறவாமலே அவர் கதையைச் சொன்னால் படம் சரி. சொல்ல முடியாவிட்டால் படத்தைத் திருத்துங்கள்.

படம் கண்ணுக்குப் பழக்கம் தரும், காவல் நிற்காது. அறிகுறி கண்டவுடன் அயலவரோடு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் வெளியேறுங்கள். சாமான்களைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.