முன்பல், சக்கிமுக்கிக் கல், ஒரு யானை

பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சீனிவாசபுரம் வழியாக அடையாறு முகத்துவாரம் வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். வலை பிரிக்கிறவர்கள், கிரிக்கெட் ஆடும் பையன்கள், எதிர்க்கரையில் சினிமாக்காரர்கள் படம்பிடித்துத் தீர்த்த உடைந்த பாலம். இதெல்லாம் இப்போது போட்டிருக்கும் செட். இதை ஓரமாக நகர்த்தினால் பின்னால் இருப்பது பதினெட்டாம் நூற்றாண்டின் அதிநவீன ஆயுதக் கண்காட்சி! டிக்கெட் கிடையாது, வாருங்கள்.

வருடம் 1746. செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கப்பற்படையோடு வந்து ஜார்ஜ் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்துவிட்டார். அடுத்த மாதமே ஒரு புயல். பிரெஞ்சுக் கப்பல்கள் சில மூழ்கின. மிச்சத்தைத் தேற்றிக்கொண்டு அவர் கிளம்பிப் போனார். கோட்டையை உங்களிடமே தருகிறேன் என்று புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே ஆற்காடு நவாப் அன்வருதீனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தரவில்லை. நவாப் தன் மகன் மாபூஸ்கான் தலைமையில் சுமார் 10,000 பேரை அனுப்பினார். அரசியல் இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது சாமான்கள்.

முதல் வேடிக்கை கோட்டை வாசலிலேயே நடந்தது. நவாப் படை நல்ல தண்ணீர் ஊற்றை மடக்கிக்கொண்டதும், 400 பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்தார்கள். குதிரைப்படை பாய்ந்து வந்தது. கிட்டே வந்ததும் வரிசை இரண்டாகப் பிளந்து விலக, பின்னாலிருந்து எட்டிப் பார்த்தன இரண்டு பீரங்கிகள். நாடகத்தில் திரை விலகி ராஜபார்ட் நுழைகிற அதே நேர்த்தி. ஒரு வேட்டு. சரி, அடுத்த வேட்டுக்குள் பாய்ந்துவிடலாம் என்று நினைத்தார்கள் குதிரைக்காரர்கள். அவர்கள் கணக்கில் தப்பே இல்லை. அவர்கள் பழகிய பீரங்கி கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சுட்டாலே பெரிய சாமர்த்தியம். இவையோ நிமிடத்துக்குப் பல வேட்டு! கணக்கு தப்பியது, குதிரைகள் திரும்பின. இது அக்டோபர் 22.

இரண்டே நாள் கழித்து அடையாறு. பாரடிஸ் என்றொரு ஸ்விட்சர்லாந்துக்காரர், தொழிலில் இன்ஜினீயர், புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 230 ஐரோப்பியர்களையும் 700 இந்தியச் சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு தென்கரைக்கு வந்து சேர்ந்தார். வடகரையில், சாந்தோமுக்குத் தெற்கே, குயிபிள் தீவுப் பக்கம் மாபூஸ்கானின் படை பீரங்கிகளோடு நிற்கிறது. பாரடிஸிடம் ஒரு பீரங்கிகூட இல்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சிப்பாயின் கையில் இருப்பதை வாங்கிப் பார்க்காமல் ஆற்றைக் கடக்கக் கூடாது.

பழைய திரித் துப்பாக்கிக்கு எப்போதும் புகைந்துகொண்டே இருக்கும் கயிறு ஒன்று வேண்டும். அந்த நெருப்பு மருந்தைத் தொட்டால்தான் வெடி. ஐப்பசி மழையில் அதை அணையாமல் காப்பாற்றுவது தனி உத்தியோகம். பக்கத்தில் நிற்பவனின் மருந்துப் பையில் பொறி விழாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. பாரடிஸின் ஆட்களிடம் இருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கிண்ணத்தில் விழும். அங்கிருக்கும் சிட்டிகை மருந்து பற்றி, சின்னத் துளை வழியாகக் குழலுக்குள் நெருப்பைக் கடத்தும். கயிறும் வேண்டாம், கங்கும் வேண்டாம். மருந்தும் குண்டும் ஒரே காகிதப் பொட்டலத்தில் அளந்து கட்டியிருக்கும். பல்லால் கடித்துக் கிழி, கிண்ணத்தில் கொஞ்சம், குழலில் மிச்சம், குண்டைப் போட்டுக் கம்பியால் இடி, குறி, சுடு. நன்றாகப் பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். முன்பல் இல்லாமல் இந்த வேலை ஆகாது!

அதைவிட எனக்குப் பிடித்தது குழல் முனையில் இருக்கும் கத்தி. ஆரம்ப காலத்துக் கத்திகளைத் துப்பாக்கி வாய்க்குள்ளேயே செருகினார்கள். செருகிவிட்டால் சுட முடியாது, சுட வேண்டுமானால் கத்தி இல்லை. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் வளையம் வைத்துக் குழலுக்கு வெளியே மாட்டினார். அத்தோடு ஈட்டிக்காரனும் துப்பாக்கிக்காரனும் ஒரே ஆளாகிவிட்டார்கள். உலகத்துச் சேனைகளின் சம்பளப் பட்டியலையே மாற்றிய வளையம் அது.

சரி, இறங்கலாம். பீரங்கிச் சூட்டைத் தாங்கிக்கொண்டே ஆற்றில் நடந்து ஏறினார்கள். கரையேறியதும் எல்லாரும் சேர்ந்து ஒரே வேட்டு, உடனே கத்தியை நீட்டிக்கொண்டு ஓட்டம். நவாப் படை சாந்தோமுக்குள் பின்வாங்கியது. குறுகலான தெருக்களில் அத்தனை ஆளும் குதிரையும் மாடும் ஒன்றோடொன்று முட்டி நிற்க, பின்னாலிருந்து வரிசை வரிசையாகச் சுட்டார்கள். கர்நாடகத்தின் பெருங்கொடி பறந்த யானைமேல் இருந்த மாபூஸ்கான், ஓடியவர்களில் முன்னணியில் இருந்தார். கொடி எல்லார் கண்ணிலும் பட்டதால் செய்தியும் சீக்கிரமே பரவியிருக்கும்.

ஒரு கொசுறு. இந்தச் சண்டைக்கு இரண்டு தேதி உண்டு. ஆங்கிலேயர் குறிப்பில் அக்டோபர் 24, பிரெஞ்சுக்காரர் கணக்கில் நவம்பர் 4. ஆங்கிலேயர் 1752 வரை பழைய காலண்டரையே கட்டிக்கொண்டு அழுததால் பதினொரு நாள் வித்தியாசம்.

பிளாசிப் போரைப் பாடப்புத்தகம் பெரிதாகப் பேசுகிறது. அது நடந்தது 1757-ல், அங்கே பாதி வேலையைச் சதி செய்து முடித்தது. அடையாற்றில் சதி இல்லை; பழக்கம் ஜெயித்தது. அந்தப் பழக்கத்தோடு நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த மண்ணின் ஆட்கள் என்பதுதான் டூப்ளேயின் உண்மையான கண்டுபிடிப்பு என்பேன். கல்லும் எஃகும் கப்பலில் வந்துவிடும், ஆளை இங்கேதான் தயாரிக்க வேண்டும். புதுச்சேரியில் இந்தச் செய்திகளையெல்லாம் காதில் வாங்கித் தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் அவர் எழுதியதை 1846-ல்தான் காலுவா மோம்ப்ரோன் என்பவர் கண்டெடுத்தார்.

அந்த வித்தையை டூப்ளேயால் பூட்டி வைத்துக்கொள்ள முடியவில்லை. 1748-ல் கடலூரில் வந்திறங்கிய ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், ஆங்கிலேயர் பக்கச் சிப்பாய்களையும் அதே அச்சில் வார்க்கத் தொடங்கினார். 1746-ல் மாறுவேடம் போட்டுச் சென்னையிலிருந்து கடலூருக்குத் தப்பியோடியவர்களில் ராபர்ட் கிளைவ் என்ற குமாஸ்தாவும் ஒருவர். 1751-ல் அவர் ஆற்காட்டுக்குக் கிளம்பினார். கூடவே 200 ஐரோப்பியர்கள், 300 சிப்பாய்கள், மூன்று சின்ன பீரங்கிகள்.