நீரிழிவு நோயாளரின் உணவும் வீட்டு மரக்கறிப் பாத்தியும்

ஹட்டன், நுவரெலியா பகுதிகளில் விளையும் கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி முதலிய மரக்கறிகள் லொறிகளில் ஏற்றப்பட்டுத் தூர நகரங்களுக்குச் செல்கின்றன. அவற்றை விளைவிப்போரின் வீடுகள் பலவற்றிலோ கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சீனி மிகுந்த தேநீருமே அன்றாட உணவாக உள்ளன. குடும்பத்தில் ஒருவருக்கு நீரிழிவு, அதாவது சலரோகம், இருக்குமாயின் இவ்வழக்கத்தை மாற்றுதல் இன்றியமையாததாகும்.

நோயின் தன்மை

நாம் உண்ணும் மாச்சத்து குளுக்கோசாக மாறி இரத்தத்திற் சேருகின்றது. அதனை உடற் கலங்களுட் செலுத்துவது சதையியிற் சுரக்கும் இன்சுலின் ஆகும். இன்சுலின் குறைந்தாலும், சரிவரத் தொழிற்படாவிடினும் குளுக்கோசு இரத்தத்தில் தேங்கும். இந்நிலை நீடிப்பின் கண், சிறுநீரகம், நரம்பு, இருதயம் என்பன பழுதுறும். காலில் உணர்ச்சி குன்றுவதால், வெறுங்காலுடன் வயலில் இறங்குவோர் முள் தைத்ததையும் அறியார். புண்ணும் எளிதில் ஆறாது.

உண்ணும் முறை

1. தட்டிற் பாதி மரக்கறியும் கீரையுமாக இருத்தல் வேண்டும். கால் பங்கு சோறு அல்லது ரொட்டி. எஞ்சிய கால் பங்கு பருப்பு, பயறு, மீன், முட்டை ஆகியவற்றுள் ஒன்று.

2. உருளைக்கிழங்கு மாச்சத்து மிக்கது. ஆதலின் அதனை மரக்கறியோடு சேர்க்காது, சோற்றுப் பங்கிலேயே கணக்கிடுக.

3. சொந்த நெல்லைக் குற்றுவிப்போர் தவிடு முற்றும் நீங்கத் தீட்டுவித்தலாகாது. தவிட்டிலுள்ள நார்ச்சத்து, குளுக்கோசு இரத்தத்தில் விரைந்து ஏறுவதைத் தணிக்கும். எனினும் தவிடுள்ள அரிசியையும் அளவோடு உண்க.

4. ஒரு கோப்பைத் தேநீருக்கு 2 தேக்கரண்டி சீனி வீதம் நாளுக்கு 4 கோப்பை அருந்துவோர், ஏறத்தாழ 40 கிராம் சீனி உட்கொள்கின்றனர். படிப்படியாகக் குறைத்துச் சீனியின்றி அருந்தப் பழகுக.

வீட்டுப் பாத்தி

விற்பனைக்குரிய நிலத்தில் ஒரு சிறு பாத்தியை வீட்டுக்கென ஒதுக்குக. போஞ்சி, கோவா, கீரை வகைகளைச் சில வார இடைவெளிகளில் மாறிமாறி நட்டால் தட்டுப்பாடு நேராது. வல்லாரைக்கு ஈரமான இடம் உகந்தது. கழிவுநீர் சேரும் வாய்க்காலோரத்தில் அதனைப் பறித்தலாகாது. பூச்சிமருந்து தெளித்திருப்பின், சுட்டுத்துண்டில் குறித்த நாட்கள் கழிந்த பின்னரே அறுவடை செய்க.

எச்சரிக்கை

உணவு மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று. வைத்தியர் கூறாமல் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தலாகாது. மருந்து எடுத்தபின் உணவைத் தவிர்த்து வேலைக்குச் சென்றால் குளுக்கோசு மிகக் குறைந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் உண்டாகலாம். நினைவு தப்புமுன் 3 தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்து, பின் உணவளிக்க. நினைவிழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. சிறுநீரக நோயும் உடையோர் கீரையின் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இவ்வுணவு நோயாளர்க்கு மட்டுமன்றி வீட்டார் அனைவர்க்கும் ஏற்றது. தனிச் சமையல் வேண்டியதில்லை. சந்தைக்கு மூட்டை கட்டுமுன் வீட்டுப் பங்கை எடுத்து வைப்பீராக.