வானவழித் தூரமும் வீட்டு வாசலும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த ஊர் கோவிந்தாபுரம். மாந்தோப்புகள் மிகுந்த அவ்வட்டாரத்தில் தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கின்றன. அவ்வூரிலிருந்து சென்று தில்லியில் வாழும் ஒருவருக்கு, தாயார் உடல்நலம் குன்றியிருப்பதாகச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "எப்பொழுது வந்து சேருவாய்?" என்று வீட்டார் கேட்கின்றனர். வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இக்கேள்வி புதிதன்று. இதற்குச் சரியான விடை கூறுவது எங்ஙனம்?

முதலில் தூரத்தைக் காண்போம். கோவிந்தாபுரத்தார் பொள்ளாச்சி வழியே சென்றால், கோவையின் பீளமேட்டு விமான நிலையத்தை அடையலாம். கோவையும் தில்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், கிழக்கு 77 பாகையில் அமைந்துள்ளன. ஆதலின் கணக்கு எளிது. கோவையின் அட்சரேகை வடக்கு 11 பாகை. தில்லியினுடையது 28½ பாகை. வேறுபாடு 17½ பாகை. வடக்கு தெற்காக ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1,940 கிலோமீட்டர் கிடைக்கும். ஒரே ரேகையில் அமையாத நகரங்களுக்கு, பூகோள உருண்டையின்மீது இரண்டிற்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அதுவே மிகக் குறுகிய வழியைக் காட்டும்.

பாகையின் நீளத்தை அளந்த வரலாற்றில் தமிழகத்திற்கும் பங்குண்டு. 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே ஓர் அடிப்படைக் கோட்டை அளந்து தொடங்கிய நில அளவைப் பணி, பின்னாளில் இமயத்தின் அடிவாரம் வரை நீண்டது.

இரயில் பாதையோ நேர்கோட்டில் செல்வதில்லை. கோவையிலிருந்து சென்னை வழியாகத் தில்லி செல்லச் சுமார் 2,675 கிலோமீட்டர் ஆகும். வானவழியைவிட இது 700 கிலோமீட்டருக்கு மேல் மிகுதி.

இனி, நேரம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் 1,940 கிலோமீட்டரைக் கடக்க 2 மணி 25 நிமிடம் வேண்டும். ஆனால் விமானம் தரையில் ஊர்ந்து செல்லவும், மேலேறவும், வேகம் தணிந்து இறங்கவும் மேலும் அரைமணி வேண்டும். ஆக, ஏறத்தாழ மூன்று மணி. கிழக்கு மேற்காகச் செல்லும் விமானங்களுக்குக் காற்றும் ஒரு காரணமாகும். குளிர்காலத்தில் வட இந்திய வானின் உயரத்தில் மேலைக்காற்று வலுத்து வீசுவதால், கிழக்கே செல்லும் பயணம் விரைவாகவும், மேற்கே திரும்பும் பயணம் தாமதமாகவும் முடிகின்றன.

எனினும், மூன்று மணியில் வந்துவிடுவேன் என்று வீட்டாரிடம் கூறிவிடலாகாது. தில்லி வீட்டிலிருந்து விமான நிலையம் செல்ல ஒரு மணி. அங்கே சோதனைக்கும் காத்திருப்பிற்கும் இரண்டு மணி. பறக்க மூன்று மணி. இறங்கிப் பெட்டியைப் பெற அரைமணி. கோவையிலிருந்து ஊர் சேர இரண்டு மணி. நேர் விமானம் கிடைத்தால்கூட மொத்தம் எட்டரை மணியாகிறது. புறப்படும் விமானத்திற்காகக் காத்திருக்கும் பொழுது இதில் சேரவில்லை.

ஆகவே, ஊருக்குச் செய்தி சொல்லுமுன் விமானம் பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணாது, வாசலிலிருந்து வாசல்வரை எண்ணுவோம். நாம் கூறும் மணியைக் கணக்கிட்டு அங்கே ஒருவர் விழித்திருப்பார் அன்றோ!