பட்டறைக்கு உடையவள் யார்?

கார்த்திகைப் பிரம்மோத்ஸவத்தின் ஏழாம் நாள் திருவண்ணாமலையின் மாட வீதிகளில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. அவற்றுள் பராசக்தி அம்மன் தேரின் வடத்தை ஸ்திரீகள் மட்டுமே பிடித்திழுப்பது அவ்வூர் வழக்கம். அக்காட்சியைக் கண்ணுற்ற எவரும், கனத்த பொருளை அசைக்கும் காரியம் புருஷர்களுக்கே உரியதென்று பிறகு வாதாடத் துணியமாட்டார். ஆயினும் அதே ஊரில் ஓர் இரும்புக் கடையிலோ வெல்டிங் பட்டறையிலோ ஒரு ஸ்திரீ கல்லாவில் அமர்ந்திருப்பாளாயின், சாமான் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "முதலாளி இல்லையா, அம்மா?" என்பதுதான். இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கும் அநீதியைப் பற்றியே இன்று எழுத முன்வந்தோம்.

கோயில் ஊர் என்றால் பூவும் கற்பூரமும் விற்கும் ஊர் என்று வெளியூரார் நினைக்கிறார்கள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிவரும் ஜனத்திரளை வரிசைப்படுத்துவது எது? இரும்புக் குழாய்த் தடுப்புகள். விடுதிகளின் மாடிப்படிக் கைப்பிடி, கடைகளின் ஷட்டர், வாகனம் நிறுத்துமிடத்துத் தகரக் கொட்டகை, அன்னதானக் கூடத்து அண்டா, ஜன்னல் கிராதி எல்லாம் உலோகம். 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றும் கொப்பரையே செம்பால் ஆனது. பக்தியின் பின்னால் இவ்வளவு இரும்பும் செம்பும் நிற்கின்றன. இந்த வேலையில் ஒரு பங்கை ஸ்திரீகள் சொந்த முதல் போட்டு, சொந்தப் பொறுப்பில் நடத்தினால் அவ்வூரில் எத்தனை குடும்பங்கள் தலைநிமிரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரும்பு வேலை ஸ்திரீகளின் தேகத்துக்கு ஒவ்வாது என்று சிலர் சொல்லக்கூடும். கட்டட வேலையில் செங்கல்லும் கலவையும் சுமந்து சாரத்தில் ஏறும் சித்தாள் யார் என்று அவர்களை விசாரிக்கிறோம். 1948-ஆம் வருஷத்து பாக்டரிச் சட்டம் மாலை ஏழு மணிக்குமேல் ஸ்திரீகளை ஆலையில் வேலை செய்யக் கூடாதென்று தடுத்தது. அத்தடை செல்லாதென்று சென்னை ஹைகோர்ட்டு 2000-ஆம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. கிண்டி என்ஜினீயரிங் கலாசாலையில் அ. லலிதா என்ற இளம் விதவை மின்சாரப் பொறியியல் படித்துத் தேறியது 1940-களிலேயே நடந்த விஷயம். ஆகவே தேகத்தைக் காரணம் காட்டுவது வெறும் சாக்கு. உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது.

இரும்பு வியாபாரம் என்பது கடன் வியாபாரம். சென்னை செம்புதாஸ் தெருவிலோ வேறு மொத்தக் கடையிலோ சரக்கு எடுப்பவர் பணத்தை முன்னதாகக் கட்ட வேண்டும். அல்லது நாணயம் உள்ளவர் என்று பெயர் எடுத்திருக்க வேண்டும். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. லாரி வாடகை, எடைக்கூலி, இறக்குகூலி தனி. தகட்டை வெட்டினால் துண்டு விழும்; துண்டுக்குப் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். இவ்வளவும் போட்டு கேட்டைச் செய்து மாட்டியபின், வீட்டுக்காரர் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பார். இந்த இடைவெளியைத் தாங்க முதல் வேண்டும். முதலுக்குப் பாங்கிக் கடன் வேண்டும். கடனுக்கு ஈடு வேண்டும். ஈடு காட்ட ஸ்திரீயிடம் என்ன சொத்து இருக்கிறது?

சட்டத்தில் இருக்கிறது. 1937-இல் விதவைக்கு ஆயுட்காலப் பாத்தியதை மட்டும் கிடைத்தது. 1956-இல் இந்து வாரிசுச் சட்டம் வந்தது. 1989-இல் தமிழ்நாடு, மணமாகாத பெண்மக்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்மக்களோடு சமபங்கு அளித்தது; 2005-இல் தேசம் முழுவதும் பெண்மக்கள் யாவருக்கும் அது கிட்டிற்று. ஆனால் நடப்பதென்ன? தகப்பனார் காலமானபின் சகோதரர்கள் ஒரு விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். கையெழுத்திடுகிறவள் நல்ல பெண், தயங்குகிறவள் பேராசைக்காரி. பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகுமே என்று அஞ்சி அவள் கையெழுத்திட்டுவிடுகிறாள். அந்தக் கையெழுத்தோடு அவளுடைய பட்டறையும் போய்விடுகிறது. சீர்திருத்தம் பேசும் நம் நண்பர்களில் எத்தனை பேர் தங்கள் சகோதரிகளிடம் அப்பத்திரம் வாங்காதிருக்கிறார்கள்?

உண்மையான உடைமை எப்படியிருக்கும் என்பதற்கு உதாரணம் தேட மும்பை வரை போக வேண்டியிருக்கிறது. செம்புக் குழாய் செய்யும் கமானி டியூப்ஸ் என்ற ஆலை, முதலாளி குடும்பத்தின் சச்சரவால் நொடித்து, சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவால் தொழிலாளர் கைக்கு வந்து, அங்கும் நிலைகொள்ளாமல் மூழ்கிக்கொண்டிருந்தது. கடன் 116 கோடி ரூபாய் என்றும், வழக்குகள் நூற்றுக்கு மேல் என்றும் சொல்லப்படுகிறது. 2000-ஆம் வருஷத்தில் தொழிலாளர்கள் கல்பனா ஸரோஜ் என்ற அம்மையாரிடம் போய் நின்றார்கள். அவர் அகோலா ஜில்லாவில் தலித் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் மணம் செய்விக்கப்பட்டு, புக்ககத்துக் கொடுமையிலிருந்து மீண்டு, தையல் வேலையால் பிழைத்தவர். செம்பை உருக்கும் வித்தை அவருக்குத் தெரியாது. கணக்கைப் படிக்கத் தெரியும். பாங்கிகளோடு தாமே பேசி அபராத வட்டியைத் தள்ளுபடி செய்வித்தார். 2006-இல் ஆலை அவர் பொறுப்பாயிற்று; தொழிலாளரின் சம்பளப் பாக்கியையும் தீர்த்தார். 2013-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அங்கே "முதலாளி இல்லையா?" என்று கேட்டிருந்தால் ஆலை முழுதும் சிரித்திருக்கும்.

இனி நம்மூர் நடைமுறைக்கு வருவோம். மத்திய சர்க்கார் இலாகாக்களும் பொதுத்துறை ஸ்தாபனங்களும் தங்கள் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டுமென்று 2012-இல் விதி ஏற்பட்டது. 2018-இல் அதை 25 சதவீதமாக உயர்த்தி, அதற்குள் 3 சதவீதம் ஸ்திரீகள் உடைமையான தொழில்களுக்கு என்று சேர்த்தார்கள். கூட்டு வியாபாரமானால் நூற்றுக்கு 51 பங்கு ஸ்திரீகளிடம் இருக்க வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் ஏட்டில் 51 பங்கு எழுதுவதற்கு ஒரு பேனா போதுமே! மனைவியின் பெயர் பெயர்ப்பலகையில், செக்குப் புத்தகம் கணவன் சட்டைப்பையில் என்ற வேடிக்கை பிறக்க இதைவிட நல்ல விளைநிலம் வேண்டியதில்லை. இரவல் பெயரால் கிடைக்கும் சலுகை, நிஜமாகவே பட்டறை நடத்தும் ஸ்திரீயின் வாயிலிருந்து பறித்தது என்பதை நாம் தயங்காமல் சொல்கிறோம்.

மற்றொரு நுணுக்கமும் உண்டு. இச்சலுகை பொருளைச் செய்பவருக்கே. வாங்கி விற்பவருக்கு இல்லை. 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் பெறும் உரிமையும் அவ்வாறே. ஆகையால் கம்பியும் தகடும் விற்கும் கடைக்காரி ஒரு வெட்டும் இயந்திரமும் வெல்டிங் மெஷினும் வைத்துப் பட்டறைக்காரி ஆவதே லாபம். அவளிடம் வாங்கி 45 நாள் கடந்தவர், பாங்கி வட்டிபோல் மும்மடங்கு கூட்டுவட்டி கொடுக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று அஞ்சி எவரும் கேட்பதில்லை என்பது வேறு கதை.

மத்திய சர்க்காரின் கொள்முதல் விதி கோயிலையும் நகராட்சியையும் கட்டுப்படுத்தாது. திருவண்ணாமலையில் தடுப்புக்கும் கொட்டகைக்கும் கிராதிக்கும் அதிகம் செலவிடுகிறவர்கள் அவர்களே. அவர்களும் ஸ்திரீகளின் பட்டறைகளுக்கு ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். ஒதுக்குமுன் உடையவள் யாரென்று பார்க்க வேண்டும். பாங்கிக் கணக்கில் கையெழுத்து யாருடையது, மொத்தக் கடையில் பேரம் பேசுவது யார் என்று விசாரித்தால் அரை மணியில் தெரிந்துவிடும். அதுவும் போதாதெனில் பட்டறைக்காரர் வழக்கமாகப் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். டெண்டர் திறக்கும் நாளில் விண்ணப்பித்த அம்மையாரை நேரில் வரவழைத்து, 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு என்ன எடை என்று அதிகாரிகள் கேட்கட்டும். விண்ணப்பித்த புருஷர்களையும் அதே கேள்வி கேட்கட்டும், சிலர் விழிப்பார்கள். சுமார் 890 கிராம் என்று சொல்கிற பட்டறைக்காரிக்கு வேலையைக் கொடுத்து, 45-ஆம் நாளுக்குள் பணத்தையும் கொடுத்துவிடட்டும்.